அப்பத்தா கட்டிலுக்கு மூன்று விலை

பழைய மரச்சாமானை விற்கப் போனால் ஒரே பொருளுக்கு மூன்று விதமான விலை கேட்கும். முதலாவது மர விலை. வேலைப்பாடு, வயசு எதையும் கணக்கில் சேர்க்காமல் கன அடி பார்த்துச் சொல்வது. இரண்டாவது கடை விலை. வாங்கி வைத்து, ரிப்பேர் பார்த்து, எப்போது போகும் என்று தெரியாமல் காத்திருந்து விற்கப் போகிறவர் கொடுப்பது. மூன்றாவது, அதைத் தன் வீட்டில் போட்டுப் புழங்க ஆசைப்பட்டு வருகிறவர் கொடுக்கும் விலை. எங்கள் அப்பத்தாவின் ரோஸ்வுட் கட்டிலுக்கு முதலில் கேட்ட விலை 12,000 ரூபாய், கடைசியில் வந்தது 1,10,000. ஊர்ப்பக்கம் போனால் பங்காளிகள் எல்லோரும் எதையாவது விற்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதனால் இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு என்று ஒவ்வொரு கட்டாகப் போய், இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். யாரும் குடியில்லை, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவதோடு சரி. ஓடு மாற்ற வேண்டும், மழை உள்ளே இறங்குகிறது, கட்டில் இருந்த மாடி ஹாலில்தான் ஒழுகல் அதிகம். விற்பதற்கு அதுதான் காரணம், பணத்தேவை அல்ல. இன்னும் நாலு மழைக்காலம் போனால் விற்கவும் ஒன்றும் இருக்காது. மதுரையில் இருப்பவன் நான் ஒருவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

விலைக்கு முன்னால் வருகிற கேள்வி, இது யாருடையது என்பது. வீடு பங்காளிகளுக்குப் பொது, சரி. வீட்டுக்குள் இருக்கிற சாமான் எல்லாம் அப்படியே பொது என்று நினைத்துவிடக்கூடாது. சில பொதுச் சாமான், சில ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு தனிக் குடும்பத்துக்கு, மட்டும் உரியது, சில மருமகளாக வந்தவர் கொண்டுவந்த சீர். இந்தக் கட்டில் அப்பத்தா சீரில் வந்தது. அதற்கு ஆதாரம் முறைச்சிட்டை. சீர்சாமானை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிற பழக்கம் எங்களில் உண்டு; அதில் வெள்ளி, பித்தளை எல்லாம் முடிந்து கீழே ‘ஈட்டிச் சப்பரக் கட்டில் ஒன்று, கொசுவலைச் சட்டத்துடன்’ என்று ஒரு வரி. ஈட்டி என்றால் ரோஸ்வுட், சப்பரக் கட்டில் என்றால் நாலு மூலையிலும் கம்பும் மேலே சட்டமும் உள்ள கட்டில். சீர் என்றால் அது அப்பத்தாவின் சொந்தச் சொத்து. அவர் உயில் எழுதவில்லை, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுச் சட்டம் வந்த பிறகுதான் காலமானார், ஐயா (தாத்தா) அவருக்கு முன்பே போய்விட்டார். அப்படியென்றால் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு. பெரியப்பச்சி (பெரியப்பா) வழி, எங்கள் அப்பச்சி (அப்பா) வழி, அப்புறம் அத்தை வழி. வீட்டுப் பங்கில் அத்தை பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற பழக்கத்தில் அவர்களைக் கேட்காமலே விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் ஒரு கல்யாண வீட்டில் அது கிளம்பும். மூன்று வழியிலும் வாட்ஸ்அப்பில் ‘விற்கச் சம்மதம்’ என்று வாங்கி, அப்புறம் ஒரு தாளில் எல்லோர் கையெழுத்தும் வாங்கினேன். இதற்குத்தான் அதிக நாள் ஆனது. விற்பது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சிட்டையில் தேதி ‘ருத்ரோத்காரி வருஷம் தை மாதம்’ என்று இருந்தது. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதை மறக்கக்கூடாது. ருத்ரோத்காரி 1863இலும் வந்தது, 1923இலும் வந்தது, 1983இலும் வந்தது. பழமையைக் கூட்டிச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இது வசதி. அப்பத்தா கல்யாணம் என்பதால் எங்களுக்குக் குழப்பமில்லை, 1924 தை. கட்டில் நூறைத் தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் எல்லாச் சாமானையும் ‘நூறு வருஷத்துப் பொருள்’ என்றுதான் சொல்வார்கள், தாளில் எழுதிக் காட்டுகிறவர்கள் குறைவு. விலை பேசும்போது இந்த ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ் எனக்குப் பெரிய பலமாக இருந்தது. பழைய சிட்டை, கணக்குப் புத்தகம், கல்யாணப் போட்டோ எதையும் கரையானுக்கு விடாதீர்கள், சாமானோடு அதுவும் சேர்ந்து விலை போகும்.

அடுத்து ஆசாரியைக் கூப்பிட்டேன். விலை சொல்ல அல்ல, கழற்றிப் பார்க்க. இதை எல்லோருக்கும் சொல்வேன்: வியாபாரி வருவதற்கு முன்னால் உங்கள் சாமானின் அடிவயிற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே செதுக்கு வேலையைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம், வியாபாரி குனிந்து கீழேதான் டார்ச் அடிப்பான்.

எங்கள் ஆசாரி அறுபது வயசுக்காரர், கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பேசினார். நாலு கம்பும் பக்கச் சட்டமும் தலைமாட்டுப் பலகையும் ரோஸ்வுட், சந்தேகமில்லை. உளியால் அடியில் ஒரு ஓரம் சீவிக் காட்டினார், கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடியது. தேக்குக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி ரோஸ்வுட் என்று சொல்வது சாதாரணமாக நடக்கும், சாயம் என்றால் சீவிய இடத்தில் வெளுத்துப்போகும். தூக்கிப் பார்த்தாலும் தெரியும், தேக்கைவிட ரோஸ்வுட் நல்ல கனம். பலகையின் அடிப்பக்கத்தில் வாய்ச்சி (மரம் செதுக்கும் கைக்கருவி) போட்ட தடம் அலை அலையாக இருந்தது, மெஷினில் இழைத்தது இல்லை. ஆனால் குறுக்குச் சட்டம் மூன்றும் பிற்பாடு போட்டது என்றார். எப்படி என்றால், அதில் இருந்த ஸ்க்ரூ எல்லாம் பிளஸ் தலை. பிளஸ் ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, நம் ஊருக்கு வர இன்னும் காலமாகியிருக்கும். மற்ற இடங்களில் ஒற்றைக்கோட்டு ஸ்க்ரூவும் மர ஆணியும்தான். பழைய சாமானில் ரிப்பேர் இருப்பது குற்றமில்லை, எது ரிப்பேர் என்று தெரியாமல் விற்க உட்காருவதுதான் ஆபத்து. வாங்குகிறவர் அதை நம் முகத்துக்கு நேரே கண்டுபிடித்தால் பாதி விலை அங்கேயே போய்விடும்.

அப்புறம் பாலிஷ். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் துடைத்தார், பஞ்சு பழுப்பாகி ஒட்டியது. அரக்குப் பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டில் கரையும், இப்போது அடிக்கிற பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் அசையாது. அதாவது மேல்பூச்சு பழசுதான். அவரே, “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அடிச்சா புதுசு மாதிரி ஆயிரும் தம்பி, செஞ்சுரவா?” என்றார். வேண்டாம் என்றேன். நூறு வருஷம் கை பட்டு, எண்ணெய் பட்டு, துணி பட்டு வந்த நிறம் அது, தேய்த்தால் போனது போனதுதான். காய்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். புதுசு மாதிரி வேண்டுமென்றால் காரைக்குடியிலேயே புதுசாகச் செதுக்கித் தருகிறார்கள், அதைக் கேட்கிறவர் ஏன் நம்மிடம் வரவேண்டும்?

பூச்சி பார்த்தோம். ஒரு காலில் குண்டூசித் துளைகள், ஆனால் கீழே பொடி கொட்டவில்லை. வெள்ளைத்தாளை அடியில் விரித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பொடி விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தாள் சுத்தமாக இருந்தது. அரித்த இடமும் வெளிறு (மரத்தின் வெளிப்பக்க மென்பகுதி) இருந்த ஓரம் மட்டும்தான், வைரம் பாய்ந்த உள்பக்கம் பூச்சி போகவில்லை.

இந்த வேலையில் நான் ரொம்பவும் ரசித்தது, சிட்டையில் ‘கொசுவலைச் சட்டத்துடன்’ என்று எழுதியிருந்ததால் தொடங்கிய தேடல்தான். கம்புகளின் மேல் முனையில் துளை இருந்தது, சட்டங்கள் இல்லை. நாலு சட்டம் எங்கே போயிருக்கும்? இரண்டு பரணில், பாய்க்கட்டுக்குப் பின்னால் கிடைத்தன. ஒன்று வாட்ச்மேன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. நாலாவது, ரெண்டாங்கட்டில் வருஷக்கணக்காக நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கொடிக்கம்பு! ஒவ்வொன்றின் முனையிலும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு. கம்பின் உச்சியிலும் அதேபோல. எந்தச் சட்டம் எந்தக் கம்பில் உட்கார வேண்டும் என்று செய்தவர் போட்டு வைத்த அடையாளம். கோட்டுக்குக் கோடு சேர்த்ததும் தட்டாமலே உட்கார்ந்தது. வெயிலில் கிடந்த நாலாவது மட்டும் வெளுத்திருந்தது, பரவாயில்லை. கட்டில் முழுசாக இருப்பதற்கும் குறையாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், கடையில் பேசும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே விற்கும் முன் பரண், மாட்டுக்கொட்டகை, குளியலறை எல்லாம் ஒருமுறை தேடுங்கள். பழைய வீடுகளில் எதுவும் தொலைவதில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கும்.

தலைமாட்டுப் பலகையில் பூச்சாடிக்கு இரண்டு பக்கமும் கிளி, சுற்றிலும் கொடிக்கருக்கு, அதாவது கொடி மாதிரிச் செதுக்கு. இடது கிளிக்கு மூக்கு இல்லை. அதையும் ஒட்டித் தருகிறேன் என்றார் ஆசாரி. அதற்கும் வேண்டாம் என்றேன். வாங்குகிறவர் விருப்பம் அது.

முதலில் வந்தவர் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் எடுக்கிறவர். இப்படி வருகிறவர்கள் பார்க்க வந்த சாமானை மட்டும் பார்ப்பதில்லை, கண் வீடு முழுக்க ஓடும். மற்ற அறைகளைப் பூட்டிவிட்டுத்தான் மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும். “அண்ணே, இதை யாரு வாங்குவா இப்ப? பிளாட்டுல எங்க போடுறது? மரம் ஒரு ஏழெட்டு கன அடி தேறும், அதுக்குத்தான் காசு” என்று 12,000 சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது, “அந்தப் பித்தளை அண்டாவையும் சேர்த்துப் போட்டா இருபது தர்றேன்” என்றார். மொத்தமாகச் சேர்த்துப் பேசினால் எதற்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும், அதற்குத்தான் அப்படிப் பேசுவது. போகிற போக்கில், தேர்ச் சிற்பம், சாமி உருவம் போட்ட பலகை ஏதாவது உண்டா என்றும் விசாரித்தார். எங்களிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து இவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். நூறாண்டு கடந்த சிற்பத்துக்குத் தொல்லியல் துறையில் பதிவு வேண்டும், கோவிலிலிருந்து வந்தது என்று ஒரு சந்தேகம் வந்தால் போலீஸ் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வரை போகும். கட்டிலுக்கும் அண்டாவுக்கும் அந்தப் பயம் இல்லை. ஆனால் தந்தம் பதித்த சாமானாக இருந்தால் அதையும் விற்க முடியாது, எவ்வளவு பழசானாலும் தந்த வியாபாரம் குற்றம்தான்.

அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. எனாமல் கிண்ணம், ரவிவர்மா படம், தூண், நிலை, கதவு என்று வீடுகளைப் பிரித்து எடுத்ததெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. விற்க வந்தேன் என்று சொல்லாமல் வாங்க வந்தவன் மாதிரி ஒரு சுற்று சுற்றினேன். கட்டில் என்ன விலை, சட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தேக்கு என்றால் என்ன என்று கேட்டாலே மார்க்கெட் புரிந்துவிடும். விற்க வந்தவன் என்று தெரிந்த பிறகு யாரும் இவ்வளவு பேச மாட்டார்கள். பிறகு வேறொரு நாள் போட்டோக்களோடு போய்க் கேட்டதில் ஒரு கடைக்காரர் 45,000 வரை வந்தார். கடையில் அதுமாதிரிக் கட்டிலுக்கு அவர் சொன்ன விலை அதைப்போல மூன்று மடங்கு. ஊரில் இதைக் கொள்ளை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடவுனில் இடம், தூக்கக் கூலி, ரிப்பேர், இரண்டு மூன்று வருஷம் முடங்குகிற முதல், எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்க வேண்டும். உங்களுக்கு அவசரம் என்றால், அலைய ஆளில்லை என்றால், கடைக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. கடைக்காரர் கொடுப்பது அவசரத்துக்கான விலை என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

இதற்கிடையில் சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகள், “அத்தான், விக்காதீங்க, நானே எடுத்துக்கிறேன், கன்டெய்னர்ல போட்டு அனுப்புங்க” என்று மெசேஜ் போட்டார். நல்ல எண்ணம்தான், முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பொருள் தொல்பொருள், அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. வயசு குறைவான பொருளென்றால்கூடத் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறைச் சான்றிதழ் கஸ்டம்ஸில் கேட்பார்கள். அதற்கும் மேலே, ரோஸ்வுட் வகைகள் எல்லாம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. விலையைக் கூட்டித் தந்த அதே சிட்டைதான் இங்கே கதவை அடைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறோம், சர்டிபிகேட் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். முதல் மணி நேரத்திலேயே, தான் ராணுவ அதிகாரி, பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், முன்பணத்துக்கு இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று ஒருவர். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பிளாக் பண்ணிவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். விளம்பரத்தில் செதுக்கு வேலையின் அழகான போட்டோ ஒன்று போதும். அடிப்பக்கம், இணைப்பு, உடைந்த மூக்கு, துளை உள்ள கால், இவற்றின் போட்டோக்கள்தான் நிஜமாக வாங்குகிறவரைக் கூட்டி வரும். அளவையும் போட வேண்டும். பழைய கட்டில்களின் அளவு இன்றைய மெத்தைக்குச் சேராது. எங்களுடையது ஆறடிக்கு நாலரை, சிங்கிளும் இல்லை டபுளும் இல்லை, இலவம்பஞ்சில் சொல்லித்தான் தைக்க வேண்டும். கம்பு ஏழரை அடி உயரம், பிளாட்டில் ஃபேன் இடிக்குமா என்று கேட்காதவர் இல்லை. இதை எல்லாம் முதலிலேயே எழுதிவிட்டதால் சும்மா கேட்கிற கூட்டம் குறைந்தது.

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தம்பதி வந்தார்கள், கூடவே அவர்கள் ஆசாரி. அந்த ஆசாரியும் குனிந்து டார்ச் அடித்தார். “குறுக்குச் சட்டம் மூணும் புதுசு, நாங்களே சொல்லிடுறோம்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார், அதற்கப்புறம் குறை தேடவில்லை. நான் 1,40,000 சொன்னேன், அவர்கள் 90,000த்தில் தொடங்கினார்கள். சிட்டையைக் காட்டினேன், சட்டங்களை மாட்டிக் காட்டினேன். கழற்றுகிற கூலி எங்களுடையது, வண்டி அவர்களுடையது என்று 1,10,000க்கு முடிந்தது. கிளி மூக்கைப் பற்றி அந்த அம்மா, “அப்படியே இருக்கட்டும், ஒட்டினா ஒட்டினது தெரியும்” என்றார். எனக்கும் அதே கருத்துதான்.

பணம் பேங்க் வழியாகத்தான். முன்பணம் பேசிய அன்றே, மீதி வண்டியில் ஏற்றும் முன். ஒரே பேரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. எங்கள் தொகை அதற்குக் கீழ்தான், ஆனாலும் மூன்று வழிக்குப் பிரிக்க வேண்டிய காசு, கணக்கில் தெரிவதுதான் எல்லோருக்கும் நல்லது. இரண்டு பிரதி எழுதினோம்: பொருள் என்ன, அளவு என்ன, எது ரிப்பேர், யார் யார் வாரிசு, எவ்வளவு தொகை, எந்தத் தேதி. போட்டோவின் பின்னாலும் கையெழுத்து. வீட்டில் புழங்கிய மரச்சாமான், நகை மாதிரியோ ஓவியம், சிற்பம் மாதிரியோ வரிக் கணக்கில் வராது என்றார் ஆடிட்டர். ஆனால் உங்கள் பொருளுக்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், கலைப்பொருள் என்று கருதப்பட்டால் பேச்சு வேறு.

கழற்றும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். பழைய ஸ்க்ரூவைத் திருகினால் தலை நசுங்கும். ஒரு நாள் முன்பே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார் ஆசாரி. ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த இணைப்புக்கு உரியது என்று தனித்தனிக் கவரில் எழுதிப் போட்டோம். சுற்றுவதற்குப் பழைய வேட்டியும் ஜமுக்காளமும். பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால் வெயிலில் அரக்கு இளகி மேலே புள்ளி புள்ளியாகத் தடம் விழும், துணிக்கு மேலே சுற்றினால் சரி. தலைமாட்டுப் பலகையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டச் சொன்னேன். ஒரு குட்டியானை வண்டியில் எல்லாம் அடங்கிவிட்டது.

கூலி 5,000 போக மூன்று வழிக்கும் தலா 35,000. சென்னை அண்ணனும் சிங்கப்பூர்க்காரரும் தங்கள் பங்கை ஓட்டு வேலைக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ரெண்டாங்கட்டில் பெல்ஜியம் கண்ணாடி போட்ட பீரோ ஒன்று நிற்கிறது, அதையும் கொடுத்துவிடலாம் என்றேன். அது எந்தச் சிட்டையிலும் இல்லை, ஆகவே பொதுச் சாமான், பதினோரு புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை நாலு பேர் போட்டிருக்கிறார்கள், ஒருவர் பீரோ சாவி தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் தர மாட்டேன் என்கிறார்.